சயாசத் படிக்கிற பெண்

எங்கள் வரிசையில் அளவு நாடாவோடு வருகிறவர்களை யாருக்கும் பிடிக்காது. இடுப்பை அளந்தால் பேன்ட் வாங்க வந்தவர் என்று ஸ்டூல் எடுத்துப் போடுவோம். தரையை அளந்தால் கதை வேறு. இரும்புக் கண்டெய்னர்களை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கிக் கடையாக்கிய இந்தப் பஜாரில் நான் குல்லாயும் கையுறையும் விற்க வந்த நாளிலிருந்து பார்க்கிறேன், தரையை அளந்தவர் ஒருவராவது எங்களுக்கு நல்லது செய்ததாகக் கேள்விப்பட்டதில்லை. இன்றைக்கு அளப்பார்கள். அப்புறம் ஒரு நாள் காலையில் வந்து பார்த்தால் கடைக்கு மேலே கூரைத் தகடு இருக்காது, அல்லது வாடகை ஏறியிருக்கும்.

அப்படிப்பட்ட வரிசையில், பிப்ரவரி மாதத்துச் சேற்றுப் பனியில், ஒருத்தருக்கும் போணிகூட ஆகாத நேரத்தில், துய்ஷோனின் மகள் பெகாயிம் நடைபாதைக்குக் குறுக்கே நாடாவைப் போட்டுக் குனிந்து அளந்துகொண்டிருந்தாள்.

"ஏய் பொண்ணே!" என்று பக்கத்துக் கடை கெமெல் கத்தினான். கெமெல் உள்ளாடை வியாபாரி. சரக்கு எவ்வளவு மென்மையோ, குரல் அவ்வளவு முரடு. "போணி ஆகுறதுக்கு முன்னாடி வாசலுக்குக் குறுக்க என்ன போடுற? யாரு உன்ன அனுப்புனா?"

"காலேஜ் வேலை மாமா. பாடத்துக்கு."

"என் கடை முன்னாடி என்ன பாடம்?"

"ரெண்டே நிமிஷம் மாமா, முடிஞ்சிருச்சு."

"துய்ஷோன் அண்ணே! உங்க பொண்ணு எங்கள அளக்குறா, பாத்துக்கங்க!"

துய்ஷோன் மேல் கண்டெய்னரிலிருந்து சாக்ஸ் மூட்டையை இறக்கிக்கொண்டிருந்தார். ஏணியில் நின்றபடியே, "என் கடையையும் சேத்துத்தான்டா அளக்குறா. போய் வேலையப் பாரு" என்று சிரித்தார். அன்றைக்குச் சிரித்தார்.

துய்ஷோன் எனக்கு எதிர்க்கடை. அவர் கதவையும் என் கதவையும் முழுக்கத் திறந்தால் இரண்டும் முட்டிக்கொள்ளும். அவ்வளவு குறுகலான சந்தில்தான் கஜகஸ்தானிலிருந்தும் சைபீரியாவிலிருந்தும் மொத்த வியாபாரிகள் வருகிறார்கள், தள்ளுவண்டிக்காரர்கள் "வழி, வழி!" என்று கத்திக்கொண்டு முழங்காலை இடிக்கிறார்கள், தேநீர் விற்கிற பெண்கள் வண்டியோடு புகுந்து புறப்படுகிறார்கள். போதாததற்கு நாங்கள் ஆளுக்கொரு பலகையை வாசலுக்கு வெளியே நீட்டிச் சரக்கைப் பரப்பியிருக்கிறோம். உள்ளே தொங்குவது உள்ளேயே தொங்கும். வெளியே நீட்டியதுதான் விற்கும். இது எங்கள் தொழிலின் முதல் பாடம், எந்தக் கல்லூரியிலும் சொல்லித் தர மாட்டார்கள்.

துய்ஷோனின் மனைவி அனார்குல் அதிகம் பேச மாட்டாள், ஆனால் கண் எல்லா இடத்திலும் இருக்கும். மகன் மாஸ்கோவில் டாக்ஸி ஓட்டுகிறான். பெகாயிம் கடைக்குட்டி. போன செப்டம்பரில் அவளைப் பல்கலைக்கழகத்தில் சேர்த்த அன்று துய்ஷோன் வரிசை முழுக்கச் சூடாக சம்சா வாங்கிக் கொடுத்தார்.

"என்ன படிப்பு அண்ணே?" என்று கெமெல் கேட்டான்.

"பிசினஸ்."

"அத இங்க நின்னே படிக்கலாமே, பீஸ் இல்லாம!"

எல்லோரும் சிரித்தோம், துய்ஷோனும் சிரித்தார். ஆனால் படிப்பின் பெயரில் இன்னொரு பாதி இருந்தது. வணிகமும் பொதுக் கொள்கையும் என்பதுதான் முழுப்பெயர். அந்த இரண்டாவது பாதியை எங்கள் மொழியில் சொல்லும்போதுதான் வம்பு. நாற்காலிக்காக அடித்துக்கொள்வதற்கும், தெருவில் குப்பைத்தொட்டியை எங்கே வைப்பது என்று அரசாங்கம் முடிவு செய்வதற்கும் எங்களிடம் ஒரே சொல்தான் இருக்கிறது: சயாசத். சயாசத்தில் இறங்கினவர்களை எங்களுக்கு நன்றாகத் தெரியும். ஒன்று வயிறு பெருக்கும், இல்லாவிட்டால் ஆளே காணாமல் போவார். நடுவில் ஒரு வகை கிடையாது.

இரண்டாவது பாதி எப்படியோ கசிந்து வரிசைக்கு வந்துவிட்டது. மெத்தைக் கடை சோனுன்தான் முதலில் என் காதில் போட்டாள்.

"புருல் அக்கா, கேட்டீங்களா? அந்தப் பொண்ணு சயாசத் படிக்குதாம்."

"பிசினஸ்னாரே?"

"அது வெளிய சொல்றதுக்கு. உள்ள சயாசத். எங்கயாச்சும் நெனச்சுப் பாத்திருக்கீங்களா, சாக்ஸ் விக்கிறவர் பொண்ணுக்கு எதுக்கு சயாசத்?"

நானும் அதைத்தான் நினைத்தேன். மறைக்க என்ன இருக்கிறது.

சனி, ஞாயிறுகளில் பெகாயிம் கடைக்கு வருவாள். கூட்டம் ஓய்ந்தால் என் பக்கம் வந்து, அட்டைப்பெட்டியைக் காலுக்கடியில் போட்டுக்கொண்டு உட்காருவாள். சிமெண்டுத் தரையின் குளிர் எலும்புக்குள் ஏறாமல் இருக்க எங்களுக்கு அட்டைதான் கம்பளம். லக்மன் நூடுல்ஸ் கிண்ணத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வகுப்புக் கதைகளைச் சொல்வாள்.

"மொதல் ரெண்டு மாசம் ஒண்ணுமே புரியலக்கா. எல்லாரும் ஆபீஸர் வீட்டுப் பிள்ளைங்க. சார் ஒரு கேள்வி கேட்டா, பதில் முன்னாடியே வீட்டுல சாப்பிட்டுட்டு வந்த மாதிரி சொல்லுவாங்க. நான் கடைசி பெஞ்சுல உக்காந்து எழுதிக்கிட்டே இருப்பேன். என்ன எழுதுறேன்னு எனக்கே தெரியாது."

"இப்ப?"

"இப்பப் பரவாயில்ல. போன வாரம் பஜாரப் பத்தி ஒரு பாடம். 'முறைசாரா வணிகம்'னு பேரு. ஒரு பையன் எந்திரிச்சு, பஜார்ல இருக்கிறவங்களுக்குச் சட்டம்னா என்னன்னே தெரியாதுன்னான். எனக்கு முகமெல்லாம் சூடாயிருச்சு. எந்திரிச்சு அரைமணி நேரம் பேசிட்டேன். எர்மெக் சார் கண்ணாடியக் கழட்டி வச்சுட்டுக் கேட்டாரு. 'நீ இதையே எழுது'ன்னாரு. அக்கா, என் பேரு அவருக்கு அன்னைக்குத்தான் தெரிஞ்சுது."

அவள் முகத்தைப் பார்த்தால் எனக்கே சந்தோஷமாக இருந்தது. ஆனாலும் கேட்டேன். "எழுதி என்ன பண்ணுவாரு?"

"மார்க் போடுவாரு."

"மார்க் போட்டுட்டு?"

"அவ்வளவுதான்க்கா. நீங்க எல்லாத்துக்கும் இப்படித்தான்!"

எங்கள் வரிசையில் தீப்பிடித்தால் தீயணைப்பு வண்டி இந்தச் சந்துக்குள் நுழையுமா என்பதுதான் அவள் எடுத்துக்கொண்ட விஷயம். அதற்காகத்தான் அளந்தாள். தெற்கு வரிசை ஒரு முறை எரிந்தபோது வண்டி வெளியிலேயே நின்றது, எல்லோருக்கும் தெரியும். அதைப் பற்றி நாங்கள் பேசுவதில்லை. பேசினால் முதலில் நம்முடைய பலகையைத்தானே உள்ளே இழுக்கச் சொல்வார்கள்.

மார்ச் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை. திங்கள் விடுமுறை முடிந்து கடை திறக்க வந்தால், வரிசை நெடுகத் தரையில் சிவப்புக் கோடு. இரண்டு பக்கமும் நேராக, புதுப் பெயின்ட் வாடையோடு கிடந்தது. எங்கள் பலகைகளில் பாதி, கோட்டுக்கு அந்தப் பக்கம் துருத்திக்கொண்டிருந்தன. பஜார் நிர்வாகத்துப் பையன் ஒருவன் கதவுக்குக் கதவு நோட்டீஸ் ஒட்டிக்கொண்டு போனான். மாதக் கடைசிக்குள் கோட்டைத் தாண்டிய எல்லாவற்றையும் அகற்ற வேண்டும், இல்லாவிட்டால் கடைக்குப் பூட்டு.

கெமெல் கோட்டின் மேல் காலை வைத்துத் தேய்த்தான். போகவில்லை.

"யாரு அளந்தா?" என்றான், யாரையும் பார்க்காமல். "நம்ம வரிசைய யாரு அளந்தா? ஞாபகம் இருக்கா யாருக்காச்சும்?"

துய்ஷோன் அப்போதுதான் பூட்டைத் திறந்துகொண்டிருந்தார். கை நின்றது.

"கெமெல், சின்னப் பொண்ணுடா அவ."

"சின்னப் பொண்ணுதான் அண்ணே. சயாசத் படிக்கிற சின்னப் பொண்ணு. மத்த வரிசையில கோடு இருக்கான்னு போய்ப் பாத்துட்டு வாங்க. நம்ம வரிசையில மட்டும்தான் இருக்கு."

உண்மைதான். நான் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன்.

அன்றிலிருந்து துய்ஷோன் கடையைச் சுற்றிக் காற்றே வேறு மாதிரி ஆகிவிட்டது. யாரும் சண்டை போடவில்லை. சண்டை போட்டிருந்தால்கூடத் தேவலை. அனார்குல் கழிப்பறைக்குப் போகும்போது கடையைப் பார்த்துக்கொள்ளச் சொன்னால் சோனுனுக்குக் காது கேட்கவில்லை. பெரிய நோட்டுக்குச் சில்லறை கேட்டால் ஒருவரிடமும் இல்லை. சாக்ஸ் எங்கே கிடைக்கும் என்று வாடிக்கையாளர் கேட்டால், கெமெல் கையைக் காட்டுவது பின் வரிசைக்கு. துய்ஷோன் பேச வந்தால் பேச்சு நிற்கும், அவர் போனதும் தொடரும். நிர்வாகம் அவருக்கு மூலைக்கடை தருவதாகச் சொல்லியிருக்கிறதாம். பெண்ணுக்கு நகராட்சியில் வேலையாம். யாரோ பார்த்தார்களாம். யார் என்று கேட்டால் தெரியாது.

சனிக்கிழமை இரவு அனார்குல் என்னைச் சாப்பிடக் கூப்பிட்டாள். நகரத்துக்கு வெளியே புதுக்குடியிருப்பில் வீடு. நிலக்கரிப் புகையில் தெருவே இருமிக்கொண்டிருந்தது. அனார்குல் பூசணியும் கொழுப்பும் வைத்துச் சுருட்டி ஒரோமோ அவித்திருந்தாள். நன்றாகத்தான் இருந்தது, ஆனால் யாரும் இரண்டாவது துண்டு எடுக்கவில்லை. என்னை ஏன் கூப்பிட்டார்கள் என்று எனக்குப் புரிந்தது. வெளி ஆள் ஒருத்தர் முன்னால் கேட்டால் மகள் மறைக்க மாட்டாள் என்று ஒரு கணக்கு.

துய்ஷோன் கேட்டார். "நீ எழுதினத யாருகிட்ட குடுத்த?"

"சார்கிட்ட. எத்தன வாட்டிப்பா சொல்றது?"

"வேற யாருகிட்டயும்?"

"இல்ல."

"நிர்வாகத்து ஆளு யாராச்சும் காலேஜுக்கு வந்தாங்களா? பேசுனாங்களா?"

"இல்லப்பா. நீங்களும் வரிசைக்காரங்க மாதிரியே கேக்குறீங்க."

"அவங்க கேக்குறதுக்கு நான் பதில் சொல்லணும்ல. அதான் கேக்குறேன்."

அனார்குல் தேநீர் ஊற்றிக்கொண்டே, தலையை நிமிர்த்தாமல் கேட்டாள். "அந்த வாத்தியாரு எந்த ஊர்க்காரரு? சொந்தக்காரங்க யாரு யாரு எங்க இருக்காங்க?"

"அம்மா! வகுப்புல போய் அதையெல்லாம் யாரு கேப்பா?"

"மொதல்ல அதத்தான் கேக்கணும்."

"அவரு வாத்தியாரும்மா. படிக்கிறதுக்கும் மார்க்குக்கும் மேல அவருக்கு எதுவும் கிடையாது. அதுல நான் நம்ம பக்கத்தையும்தான் எழுதியிருக்கேன். பலகையெல்லாம் எடுக்கச் சொல்றதுக்கு முன்னாடி, பின்னாடி இருக்கிற காலி இடத்துல சரக்கு வைக்க இடம் குடுக்கணும்னு எழுதியிருக்கேன். என்னப் போய் உளவாளின்னா எப்படி?" சொல்லும்போதே அழுதுவிட்டாள்.

துய்ஷோன் ஒரோமோத் துண்டை எடுத்து அவள் தட்டில் வைத்தார். "சாப்பிடு. நான் பாத்துக்கிறேன்."

மறுநாள் மதியம், எல்லோரும் பெட்டிகளின் மேல் உட்கார்ந்து தேநீர் குடிக்கிற நேரத்தில், துய்ஷோன் வரிசை நடுவில் வந்து நின்றார். கையில் ஒரு முழு ரொட்டி. அதைப் பார்த்ததுமே சோனுன் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டாள்.

"அண்ணே, வேணாம்" என்றான் கெமெல். "அந்த அளவுக்கெல்லாம் போக வேணாம்."

"நீ அந்த அளவுக்குப் போயிட்டியே." துய்ஷோன் தொப்பியைச் சரிசெய்துகொண்டார். ரொட்டியை இரண்டு கையிலும் ஏந்தி நெற்றியில் வைத்தார். "என் மக எழுதின எதுவும் நிர்வாகத்துக்குப் போகல. இந்தக் கோட்டுக்கும் அவளுக்கும் சம்பந்தமில்ல. இருந்தா, இந்த ரொட்டி என்னை அடிக்கட்டும்."

அவ்வளவுதான். எங்களில் ரொட்டியைத் தொட்டு ஒருவர் சொல்லிவிட்டால் அதற்கு மேல் கேள்வி கிடையாது. போலீஸ்காரன் கேட்பான், நீதிபதி கேட்பார், நாங்கள் கேட்க மாட்டோம். பொய்யாகச் சொன்னவனுக்குக் கண் போகும், பிள்ளை போகும், இருக்கிற சோறு போகும் என்று பயம். துய்ஷோன் ரொட்டியைப் பிய்த்து ஆளுக்கொரு துண்டு கொடுத்தார். கெமெல் வாங்கும்போது எழுந்து நின்று வாங்கினான். சாயங்காலம் நோவோசிபிர்ஸ்க்கிலிருந்து வந்த ஒரு பெரிய வியாபாரியை அவனே தோளில் கை போட்டு அழைத்து வந்து, "அண்ணன் சாக்ஸப் பாருங்க, ரெண்டு வருஷம் உழைக்கும்" என்று நிறுத்தினான். சில்லறை எல்லோரிடமும் கிடைத்தது.

எனக்கும் நெஞ்சிலிருந்து ஒரு கல் இறங்கியது. அடுத்து யாரைச் சந்தேகப்படுவது என்று வரிசை பின் வரிசைக்காரர்களைப் பார்க்க ஆரம்பித்தது.

வெள்ளிக்கிழமை மாலை, நான் குல்லாய்களைக் கம்பியிலிருந்து இறக்கிக்கொண்டிருந்தபோது பெகாயிம் வந்தாள். வழக்கமாக அன்று வருகிற பெண் இல்லை. அப்பா, அம்மா பின்னால் கோடவுனில் இருக்கிறார்களா என்று பார்த்துவிட்டு என் கடைக்குள் நுழைந்து மூட்டையின் மேல் உட்கார்ந்தாள். முகம் வெளுத்திருந்தது.

"அக்கா, அம்மா கேட்டது மண்டைக்குள்ளயே சுத்திக்கிட்டு இருந்துச்சு. இன்னைக்கு சார்கிட்டப் போய்க் கேட்டேன்."

"என்ன கேட்ட?"

"என் கட்டுரைய யாருக்காவது காட்டுனீங்களான்னு. அவரு சிரிச்சாரு அக்கா. கோபமே படல. 'உனக்கு ஆச்சரியமா இருக்கட்டும்னு சொல்லாம வச்சிருந்தேன்'னாரு. பஜார் நிர்வாகத்துல அவரோட மைத்துனர் இருக்காராம். அவருகிட்டக் குடுத்தாராம். 'முதலாண்டுல ஒரு மாணவி எழுதினது நடைமுறைக்கு வர்றது சாதாரணமா? பொதுக் கொள்கைன்னா இதுதான்'னு கை குலுக்குனாரு."

நான் கையிலிருந்த குல்லாயை வைத்துவிட்டேன்.

"அந்த வரிசையில எங்கப்பா கடையும் இருக்கு சார்னு சொன்னேன். 'அதனாலதான் நம்பகமா இருக்கு'ன்னாரு. பின்னாடி இடம் குடுக்கணும்னு எழுதியிருந்தேனே, அது எங்கன்னு கேட்டேன். 'அது அடுத்த கட்டம்'னாரு."

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்த ஆள் எதிரில் இருந்திருந்தால் இரும்புக் கொக்கியாலேயே அடித்திருப்பேன். ஆனால் ஆத்திரம் வேறு, காரியம் வேறு.

"இங்க பாரு. இத நீ என்கிட்ட சொல்லல, நான் கேக்கல. உங்கப்பா சத்தியம் பண்ணியாச்சு, எல்லாரும் நம்பியாச்சு. வாய மூடிக்கிட்டு இரு."

"அப்பா பொய் சத்தியம் பண்ணியிருக்காரே அக்கா."

"அவரு தெரிஞ்சா பண்ணாரு?"

"தெரியாமப் பண்ணா ரொட்டி அடிக்காதா?"

"இவ்வளவு படிச்சவ, ரொட்டி அடிக்கும்னு நம்புறியா?"

"நான் நம்பல," என்றாள். "அப்பா நம்புறாரு."

அப்பாவிடம் மட்டும் சொல், வரிசைக்குத் தெரிய வேண்டாம் என்றேன். அப்பாவிடம் சொன்னால் அதை மறைக்கிற பாரமும் அவருக்கே போகும் என்றாள். என்ன செய்யப்போகிறாய் என்று நான் கேட்பதற்குள் எழுந்து போய்விட்டாள்.

மறுநாள் சனிக்கிழமை. கூட்டம் ஓய்ந்து எல்லோரும் தேநீருக்கு உட்கார்ந்ததும், பெகாயிம் அப்பா நின்ற அதே இடத்தில் போய் நின்றாள். கைகளை எங்கே வைப்பது என்று தெரியவில்லை, மேல்கோட்டுப் பையில் வைத்தாள், எடுத்தாள்.

"ஒண்ணு சொல்லணும். கோடு என்னாலதான் வந்துச்சு. நான் எழுதினத சாரு நிர்வாகத்துல குடுத்துட்டாரு. எனக்கே நேத்துத்தான் தெரியும். அப்பாவுக்கு இப்ப வரைக்கும் தெரியாது. அப்பா மேல தப்பு இல்ல."

திட்டுவார்கள் என்றுதான் நினைத்திருப்பாள். நானும் அப்படித்தான் நினைத்தேன். சோனுன் சிரித்தாள்.

"யாரு சொல்லச் சொன்னா உன்ன?"

"யாரும் இல்ல. நானாத்தான்."

"உங்கப்பா ரொட்டியத் தொட்டுச் சொன்னாரு. நீ வெறுங்கைய வீசிட்டு வந்து சொல்ற. நாங்க யார நம்புறது?"

"நெசமாத்தான் சொல்றேன் அத்தை!"

"இரு இரு," என்று கெமெல் எழுந்தான். "தானா வந்து பழிய ஏத்துக்கிறவ யாரையோ காப்பாத்துறான்னு அர்த்தம். யாரு? பின் வரிசைக்காரனா? இல்ல, நிர்வாகம் உன்ன இப்படிச் சொல்லச் சொல்லி, அந்தப் பொண்ணுதான் கேட்டுச்சு, நாங்க செஞ்சோம்னு கைய கழுவப் பாக்குதா?"

"மாமா, அப்படியெல்லாம் இல்ல..."

"தேர்தல்ல நிக்கப் போறியோ? மொத பேச்ச எங்ககிட்டப் பேசிப் பாக்குறியா?" அவன் எங்களைப் பார்த்துத் திரும்பினான். "பாத்தீங்களா? இதுக்குப் பேருதான் சயாசத்! முழு வருஷம்கூடப் படிக்கல, என்னமா கத்துக்கிட்டா பாருங்க!"

வரிசையே சிரித்தது. கோடவுனிலிருந்து மூட்டையோடு வந்த துய்ஷோன் சிரிப்பைக் கேட்டு நின்றார். அவர் எவ்வளவு கேட்டார் என்று தெரியவில்லை. மூட்டையை மெதுவாக இறக்கி வைத்துவிட்டு மகள் பக்கத்தில் வந்தார்.

"எப்பத் தெரிஞ்சுது?"

"நேத்து சாயங்காலம்ப்பா."

"அந்தாளே சொன்னானா?"

"அவரே சொன்னாரு. கை குலுக்கிச் சொன்னாரு."

பெகாயிமின் மூக்கு நுனி சிவந்திருந்தது, ஆனால் கண்ணை அவர் முகத்திலிருந்து எடுக்கவில்லை. பின்னால் அனார்குல் கடை வாசலில் நின்றாள். தலையை மெல்ல அசைத்தாள். அது ஆம் என்றா, வேண்டாம் என்றா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

கெமெல் இரக்கப்பட்டான். உண்மையாகவே இரக்கப்பட்டான், அதுதான் கொடுமை. "விடுங்க அண்ணே. வயசுப் பொண்ணு, மனசு கொழம்பிப் போய் ஏதோ உளறுது. வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க. உங்க மேல யாருக்கும் ஒரு சந்தேகமும் இல்ல."

வழி திறந்தே இருந்தது. மகளின் தோளைப் பிடித்து அழைத்துக்கொண்டு கடைக்குள் போயிருந்தால் போதும். சில்லறையும் வாடிக்கையும் தேநீரும் எல்லாம் பழையபடி நடந்திருக்கும். நான் மனதுக்குள் போ, போ என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

துய்ஷோன் தொப்பியைக் கழற்றினார். அந்தக் குளிரில் அவர் தலையிலிருந்து ஆவி எழுந்தது.

"அவ சொல்றதுதான் நெசம். என் சத்தியம்தான் பொய்யாப் போச்சு. ரொட்டி அடிக்கட்டும்னு சொன்னேன். அடிச்சிருச்சு."

சிரிப்பு அப்படியே நின்றது. சோனுன் எதையோ துப்புவதுபோல முகத்தைத் திருப்பிக்கொண்டாள். தேநீர் வண்டிக்காரி எங்களைத் தாண்டி வேகமாகத் தள்ளிக்கொண்டு போனாள். இனி இந்த மனிதரோடு ஒரே பாத்திரத்தில் யார் சாப்பிடுவார்கள் என்று எல்லோர் முகத்திலும் எழுதியிருந்தது.

கெமெலுக்குத்தான் தாங்கவில்லை. "ஏன் அண்ணே? சும்மா இருந்திருக்கலாமே. நாங்கதான் உங்கள நம்பிட்டோமே!"

"என்னை எல்லாரும் நம்பிட்டீங்க," என்றார் துய்ஷோன். "அவள யாரு நம்புறது?"